ரேடியோ அண்ணன் வாசித்த செய்தி

எங்கள் பத்திரிகையின் மூத்த நிருபர் அண்ணனுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். யாரைக் குறை சொல்லி எழுதுகிறாரோ, அச்சுக்குப் போகுமுன் அந்த ஆளையே போனில் கூப்பிட்டு, தலைப்பிலிருந்து கடைசி வரி வரை வாசித்துக் காட்டுவார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். "திருடனுக்குப் போன் போட்டு, நாளைக்குப் போலீஸ் வருது, வீட்ல இருங்கன்னு சொல்ற ஆளுய்யா" என்று செய்திகளை அடுக்கிப் பக்கம் கட்டுபவர் கிண்டல் செய்வார். அண்ணன் படித்தது பத்தாம் வகுப்பு. நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி, அதுவும் பத்திரிகைத் துறையில். இதெல்லாம் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை என்று சேர்ந்த முதல் வாரமே அவரிடம் சொன்னேன்.

"அப்போ புத்தகத்துல சேர்த்துக்கச் சொல்லு" என்றார்.

அந்த வாரம் மதரசாப் பிள்ளைகள் பதினொரு பேர் வாந்தி பேதியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். செவ்வாய்க்கிழமையே செல்போன்களில் ஒரு குரல் பதிவு சுற்ற ஆரம்பித்துவிட்டது: மதரசா சமையல்காரர் விஷம் வைத்துவிட்டாராம். யார் பார்த்தது, எதற்கு வைத்தார், ஒன்றும் கிடையாது. புதன்கிழமை அவர் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் கூட்டமாகப் போய் அவரை இழுத்து வைத்துக் கேட்போம் என்று அடுத்த பதிவு வந்தது.

வியாழன் மத்தியானம் ஆய்வுக்கூடத் தாள் அண்ணன் கைக்கு வந்தது. விஷம் இல்லை, தண்ணீர்தான் கெட்டிருந்தது. அண்ணன் விசாரித்ததில், மதரசா மொட்டைமாடித் தொட்டியின் மூடி உடைந்து, உள்ளே புறா செத்துக் கிடந்திருக்கிறது. தொட்டிக்குப் பொறுப்பு, மதரசாவை நடத்தும் பள்ளிவாசல் கமிட்டியின் செயலாளர். அவர் அண்ணனுடைய அக்காவின் வீட்டுக்காரர்.

அதோடு, கமிட்டித் தலைவரும் எங்கள் முதலாளியும் சம்பந்திகள். நாலு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போய்விட்டால் யாராலும் நிறுத்த முடியாது. அதற்குமுன் தலைவரிடமிருந்து ஒரு போன் வந்தால் செய்தி செத்தது. மணி மூன்று. அண்ணன் போனை எடுத்தார்.

"அண்ணே, இன்னிக்கு மட்டும் வேண்டாம். அவர் தலைவர்கிட்ட சொல்வாரு, தலைவர் முதலாளிகிட்ட சொல்வாரு. நாளைக்கு அந்தச் சமையல்காரர் கதி என்ன?"

"தெரியும்டா." நம்பரை அழுத்தினார். "இதுல ஒரு சொல் தப்பாயிருந்தா, மொத்தமும் பொய்யின்னுடுவாங்க. அப்புறம் அந்த மனுஷனை எந்தப் பேப்பர் காப்பாத்தும்?"

ஸ்பீக்கரில் போட்டார். "மச்சான், நான்தான். ஒரு செய்தி வாசிக்கிறேன். நடுவுல திட்டாதீங்க, கடைசியில மொத்தமா திட்டிக்கலாம்."

வாசித்தார். மூடி இரண்டு மாதமாக உடைந்து கிடந்தது என்ற வரியையும் விடவில்லை. முடித்ததும் அந்தப் பக்கம் மச்சான் வெடித்தார்.

"பள்ளிவாசல் மானத்தைச் சந்திக்குக் கொண்டு வந்துட்டியேடா! உனக்குச் சொந்தபந்தம்னு ஒண்ணும் கிடையாதா?"

"எது தப்புன்னு சொல்லுங்க மச்சான், திருத்துறேன்."

நான் முதலாளி அறைப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று இருபது.

"ரெண்டு மாசம் தப்பு." குரல் இறங்கியிருந்தது. "நாலு மாசம். அந்தச் சமையல்காரன் ரெண்டு தடவை வந்து சொன்னான். ஆள் அனுப்புறேன்னு சொன்னேன். அனுப்பலை."

"நீங்க சொன்னதாவே போடலாமா?"

"செயலாளர்னு போடு, பேர் வேண்டாம்."

"ஊருக்கு ஒரே செயலாளர்தானே மச்சான்?"

"அதான் தெரியுதில்ல, அப்புறம் என்ன கேள்வி!" போன் பட்டென்று வைக்கப்பட்டது.

நாலு மணிக்குப் பக்கம் போயிற்று. முதலாளி அறைப் போன் ஒலிக்கவே இல்லை. மச்சான் தலைவரிடம் சொல்லவில்லையா, சொல்லத் தைரியம் வரவில்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் தொழுகையில் அண்ணன் பக்கத்தில் நிற்க ஆட்கள் தயங்கினார்கள். கடைசியில் மச்சான் வந்து தோளோடு தோள் ஒட்டி நின்றார். முடிந்து எழும்போது, "ரெண்டு வாரம் வீட்டுப் பக்கம் தலை காட்டாதே. உங்க அக்கா செருப்போட நிக்கிறா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வாசலில் சில கைகளில் எங்கள் பேப்பர் இருந்தது. மீதிக் கைகளில் செல்போன். இருபது பேர் போல சமையல்காரர் தெருப் பக்கம் திரும்பினார்கள். நாங்கள் குறுக்குச் சந்தில் ஓடாத குறையாக நடந்து, அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். கதவு தாழிட்டிருந்தது.

"நான்தான், பேப்பர்காரன்" என்றார் அண்ணன்.

"எல்லாரும் பேப்பர் படிச்சிட்டாங்களா அண்ணே?" உள்ளிருந்தே கேட்டார் சமையல்காரர்.

"படிச்சிருப்பாங்க."

"போன்ல கேட்டதோட நின்னுட்டவங்க?"

தெருமுனையில் தலைகள் தெரிந்தன. அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்தார், கண்ணாடியை மாட்டினார், பேப்பரை விரித்தார். தலைப்பிலிருந்து ஆரம்பித்தார், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

வந்தவர்கள் நின்றார்கள். "யாருய்யா இது, நடுத்தெருவுல கச்சேரி?" என்றான் ஒருவன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நாலு மாதம் என்ற வரி வந்ததும் கூட்டத்தில் ஒருவர் செல்போனைச் சட்டைப்பையில் போட்டார். இன்னொருவர் போடவில்லை.

வாசித்து முடித்தார். பின்னால் நின்றவர்கள் காதில் விழவில்லை என்றார்கள். அண்ணன் தண்ணீர் கேட்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. தலைப்பிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். கதவுக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாளில் கை வைத்த சத்தம் கேட்டது. இன்னும் திறக்கவில்லை.