குலிஸார் அக்கா மேட்ச் பார்க்கக் கூடாது

மெர்சின் நகரத்துக் கடற்கரைச் சாலை உள்ளரங்கத்தில், ஸ்கோர்போர்டு மாட்டியிருக்கும் சுவருக்கு நேர் பின்னால் ஓர் அறை உண்டு. இரண்டு சலவை இயந்திரங்கள், ஓர் இஸ்திரி மேஜை, எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும் தேநீர்க் கெட்டில், கதவில் திருஷ்டிக்கு ஒரு நீலக்கண் மணி. குலிஸாரின் ராஜ்ஜியம் அது. நகரத்துப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குச் சட்டை துவைப்பது, கிழிந்ததைத் தைப்பது, எண் பார்த்துப் பையில் அடுக்குவது எல்லாம் அவள் பொறுப்பு. வயது ஐம்பத்தேழு. வீராங்கனைகள் முதல் கிளப் தலைவர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான்.

பதினொரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறாள். இந்தப் பதினொரு வருடத்தில் ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லை. பார்க்க விடமாட்டார்கள். ஏனென்றால் அவளுக்கு ராசி கிடையாது.

இதை யாரும் வேண்டுமென்று கட்டிவிடவில்லை. அவள் மகள் ரெய்ஹானை இருபது வயதில் பெரிய அணியில் சேர்த்தபோது, குலிஸார் புதுக் கோட்டும் புதுச் செருப்பும் வாங்கிக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். அணி முப்பத்துநான்கு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. அடுத்த முறை போனாள், கேப்டனுக்கு மணிக்கட்டு உடைந்தது. மூன்றாவது முறை பயந்துபோய்ப் பாதி ஆட்டம் முடிந்த பிறகு நுழைந்தாள். அதுவரை பன்னிரண்டு புள்ளி முன்னால் இருந்த அணி, அவள் உட்கார்ந்ததும் சரிய ஆரம்பித்தது. அப்புறம் நாலைந்து பெண்கள் இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்து, "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார்கள். அவளும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஊரில் ராசி என்றால் ராசிதான். மறுபேச்சு கிடையாது.

அந்த வருடமே பழைய உடுப்புக்காரர் ஓய்வு பெற்றார். குலிஸார் போய் அந்த வேலையைக் கேட்டாள். அரங்கத்துக்குள் உட்கார முடியாவிட்டால் சுவருக்கு இந்தப் பக்கமாவது இருக்கலாமே என்ற ஆசைதான். பயிற்சியாளர் துஞ்சர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மேட்ச் நடக்கும்போது அறைக் கதவு உள்ளிருந்து பூட்டியிருக்க வேண்டும்.

பயிற்சியை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். முடிந்த மேட்சைப் பிறகு போனில் பார்க்கலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் முடிவு தெரிந்த மேட்ச் ஆறிப்போன தேநீர், அவளுக்குத் தொண்டையில் இறங்காது. அதனால் காதாலேயே பார்க்கக் கற்றுக்கொண்டாள். நம் ஆள் தனியாக எறியக் கூடையை நோக்கி நிற்கும்போது அரங்கம் மூச்சை அடக்கும். எதிராளி நின்றால் விசில் காதைப் பிளக்கும். தூரத்திலிருந்து எறிந்தது விழுந்தால் மேளம் இரண்டு தட்டு தாமதமாகத்தான் வரும், மேளக்காரனுக்கே நம்ப முடியாமல்.

இந்த சீசன் அக்டோபரில் படுமோசமாக ஆரம்பித்தது. முதல் ஐந்து மேட்சும் தோல்வி. தலைவர் புதுப் பயிற்சியாளரைத் தேடுவதாகப் பேச்சு அடிபட்டது. ஆறாவது மேட்சுக்கு மலைக்கு அந்தப் பக்கம் உள்ள கைசேரிக்குக் கிளம்பியபோது, மாற்றுச் சட்டைகள் இருந்த பையைக் குலிஸார் பேருந்தில் ஏற்ற மறந்துவிட்டாள். அணி மலை தாண்டிய பிறகுதான் மூலையில் கிடந்த பை கண்ணில் பட்டது. அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அணி இருபது புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டு வந்தது.

மறுநாள் காலை துஞ்சர் அறை வாசலில் நின்றார். திட்டப் போகிறார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அக்கா, அந்தப் பை எங்க?"

"இதோ இருக்கு மாஸ்டர். மன்னிச்சுக்கங்க, வயசாயிடுச்சு…"

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். இனிமே அது இந்த ரூமை விட்டு ஒரு அடி நகரக் கூடாது. புரியுதா?"

அதன் பிறகு தொடர்ந்து ஏழு வெற்றி. துஞ்சர் ஒரே பழுப்புக் கோட்டை வாரக்கணக்கில் போட்டுக்கொண்டு திரிந்தார், பக்கத்தில் நிற்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார்கள். அலபாமாவிலிருந்து வந்திருந்த வீராங்கனை கியோனா ஆரம்பத்தில் இதையெல்லாம் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தாள். நாலாவது வெற்றிக்கு முன்னால் யாரோ அவளுக்கு ஒரு குவளை காரமான முள்ளங்கிச் சாறு கொடுத்துவிட்டார்கள். அதைக் குடித்து மூஞ்சியைச் சுளித்தவள் அன்றைக்கு முப்பத்தொரு புள்ளி எடுத்தாள். அப்புறம் ஒவ்வொரு மேட்சுக்கும் அவளே கடைக்குப் போய் வாங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்க ஆரம்பித்தாள். எங்கள் ஊர்த் தண்ணீர் அப்படி.

ஜனவரியில் ஒரு மத்தியானம் ரெய்ஹான் அறைக்கு வந்து சலவை இயந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"அம்மா, இந்த சீசனோட போதும்மா. முட்டி ஒத்துழைக்க மாட்டேங்குது."

"சரி" என்றாள் குலிஸார். சொல்லிவிட்டு ஒரே ஜோடி காலுறையை மூன்று தடவை மடித்தாள்.

அன்றிலிருந்துதான் அந்த ஆசை அவளைப் பிடித்துக்கொண்டது. ஒரு தடவை. மகள் ஆடுவதை, ஆடிக்கொண்டிருக்கும்போதே, கண்ணால் ஒரு தடவை. மார்ச்சில் கடைசி மேட்ச், பூர்சா அணியோடு, சொந்த அரங்கத்தில். ஜெயித்தால் எட்டாம் இடம், அடுத்த சுற்று. தோற்றால் சீசன் முடிந்தது, ரெய்ஹானின் ஆட்டமும் முடிந்தது. அதற்கு முந்தின வாரம் குலிஸார் துணிந்து துஞ்சரிடம் கேட்டாள்.

"மாஸ்டர், கடைசி மேட்சை மட்டும் ஒரு ஓரமா நின்னு…"

"அக்கா! உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"கதவிடுக்கு வழியா?"

"கூடாது."

"முதுகைக் காட்டி உக்காந்துக்கறேன். பாக்கவே மாட்டேன்."

துஞ்சர் இதை நிஜமாகவே யோசித்தார். தாடையைச் சொறிந்தார். "முதுகைக் காட்டினா பாத்த கணக்கு ஆகாதுதான்… வேணாம்கா. சத்தம் கேட்டா திரும்பிடுவீங்க. பெத்த மனசு."

அவர் சொன்னது சரி. அவள் திரும்பத்தான் செய்வாள்.

மேட்ச் அன்று வழக்கம்போல் கதவைப் பூட்டிக்கொண்டு சுவரோடு காதை வைத்தாள். முதல் பாதி இழுபறி. மூன்றாவது கால் பகுதியில் மேளம் ஓயவே இல்லை, நாம் முன்னால் போகிறோம். திடீரென்று அரங்கம் "ஐயோ" என்றது. பிறகு முணுமுணுப்பு. யாருக்கோ அடி. குலிஸார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

கதவு தடதடத்தது. "அம்மா, திற. நான்தான்."

ரெய்ஹான் நின்றாள். எதிராளியின் முழங்கை பட்டுப் புருவம் கிழிந்திருந்தது. டாக்டர் அதற்குள் பிளாஸ்திரி போட்டுவிட்டார். ஆனால் சட்டை முழுக்க இரத்தம். இரத்தம் பட்ட சட்டையோடு நடுவர் ஆடவிட மாட்டார். மாற்றுச் சட்டை ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்கு அடியில் இருந்திருக்க வேண்டும், உலகத்தில் எல்லா அணிக்கும் அங்கேதான் இருக்கும். நமக்கு மட்டும் அது ராசிப்படி இந்த அறையில் இருந்தது.

குலிஸார் பையைத் திறந்து அவளுடைய நாற்பதாம் எண் மாற்றுச் சட்டையை மாட்டிவிட்டாள். "வலிக்குதாடி?"

"இல்ல. அம்மா, இன்னும் பதினொரு நிமிஷம் இருக்கு. வா."

"எங்க?"

"வெளிய. நான் ஆடறதைப் பாரு."

"பைத்தியமா உனக்கு? தோத்துடுவீங்க!"

"ஆறு பாயிண்ட் முன்னாடி இருக்கோம்."

"அதனாலதாண்டி சொல்றேன்!"

ரெய்ஹான் பேசிக்கொண்டிருக்கவில்லை. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். குலிஸார் தலைத்துணியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி தடுமாறியபடி பின்னால் போனாள். பெஞ்சின் கடைசியில் அவளை உட்காரவைத்துவிட்டு மகள் ஆட்டத்துக்குள் ஓடிவிட்டாள். துஞ்சர் திரும்பிப் பார்த்தார்.

"யா அல்லா! அக்கா, நீங்களா?"

"கண்ணை மூடிக்கிட்டுத்தான் இருக்கேன் மாஸ்டர்!"

ஒரு நிமிடம் மூடித்தான் இருந்தாள். நாலாவது கால் பகுதி தொடங்கியதும் ரெய்ஹானின் குரல் கேட்டது. வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூட வாய் திறந்து கேட்காத பெண், அங்கே சந்தைக்காரி மாதிரி கத்திக்கொண்டிருந்தாள். "இடது பக்கம் போ! கியோனா, தூங்கறியா? அவளை விடாத!" குலிஸார் துணியை விலக்கிவிட்டாள். அதற்கு மேல் யாராலும் முடியாது.

என்னவெல்லாம் பார்த்தாள்! தன்னைவிட ஒரு சாண் உயரமானவளை ரெய்ஹான் இடுப்பால் நகர்த்துவதைப் பார்த்தாள். நடுவருக்குத் தெரியாமல் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுப்பதைப் பார்த்தாள். யார் சொல்லிக்கொடுத்தது இந்தத் திருட்டுத்தனத்தை? விழுந்து, எழுந்து, விழுந்த இடத்தைத் தன் காலணியாலேயே துடைத்துவிட்டு மறுபடி ஓடுவதைப் பார்த்தாள். ஒரு முறை பந்தை இடது கைக்கு மாற்றி, இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து கூடையில் போட்டாள். போட்டுவிட்டுச் சிரித்தாள். பயிற்சியில் அவள் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. குலிஸார் எழுந்து நின்று கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது.

ஆறு புள்ளி நாலாயிற்று, இரண்டாயிற்று, சமம் ஆயிற்று. பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். மகளிடமிருந்து கண்ணை எடுத்தால்தானே அவளுக்கு அது தெரியும்! கடைசி மூன்று நொடியில் ஒரு புள்ளி பின்னால். கியோனா எறிந்த பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, வெளியே விழுந்தது.

உடைமாற்றும் அறையில் கியோனா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். துஞ்சர் சுவரைப் பார்த்து நின்றார். குலிஸார் தரையில் கிடந்த சட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். யாரும் அவள் பக்கம் பார்க்கவில்லை. அவளுக்கும் கண்ணீர் வந்தது. அது தோல்விக்காக வரவில்லை என்பதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த அறையில் சந்தோஷமாக இருந்தவள் அவள் ஒருத்திதான்.

ரெய்ஹான் நொண்டிக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினாள். "அம்மா, உன்னால இல்லம்மா. இவங்க மூஞ்சியைப் பாத்து நீ எதையும் மனசுல வெச்சுக்காத."

குலிஸார் நாற்பதாம் எண் சட்டையை மடியில் விரித்து, கசங்கலை நீவிவிட்டாள்.

"என்னாலயே இருந்துட்டுப் போகட்டும்டி" என்றாள், துஞ்சருக்கும் கேட்கும்படி. "நான் பாத்துட்டேன்."