அவுட் சொல்லாத அனந்தகிருஷ்ணன்

மாட்டுங்கா அனந்தகிருஷ்ணனுக்கு இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தைதான் வாயில் வராது. அவுட்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் அவருடைய கம்பெனி, பட்டாளம் கழித்துவிட்ட ரேடியோ ஒன்றை வாங்கித் துறைமுக லாஞ்சில் பொருத்தியது. கரையோடு இங்கிலீஷில் பேச ஆள் வேண்டுமே! ஆபீஸில் சிவனே என்று டைப் அடித்துக்கொண்டிருந்த மனுஷனைப் பிடித்துப் படகில் ஏற்றிவிட்டார்கள். அவரும் சட்டென்று கற்றுக்கொண்டார். பித்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். பதில் வேண்டுமானால் 'ஓவர்', பேச்சு முடிந்தால் 'அவுட்'. அங்கேதான் வம்பு. ஆத்தை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்றுகூடச் சொல்லாத குடும்பம். காலுக்குக் கீழே கடலை வைத்துக்கொண்டு 'அவுட்' என்பாரா? சிவ சிவா! 'ஐ வில் கோ அண்ட் கம்' என்றுதான் முடிப்பார். கரையில் ரேடியோவைக் கவனித்த பார்சிக்காரர் ஸோராப் சிரித்துக்கொள்வார். படகோட்டும் சாரங்கு ஜெயினுலாப்தீனோ, "சாமிக்கு அவுட் ஆகப் பயம்" என்று கேலி பண்ணுவார்.

ஆனி மாசத்து மத்தியானம் ஒன்றில், லைட்ஹவுஸைத் தாண்டியதும் என்ஜின் நின்றுபோனது. காற்று படகைப் பாறைப் பக்கம் தள்ளியது. சாரங்கு நங்கூரத்தைப் போட்டுவிட்டு, "இழுத்துட்டுப் போக டக்போட்டைக் கூப்பிடுங்க சாமி" என்றார். அனந்தகிருஷ்ணன் விவரம் சொன்னார். 'அனுப்புகிறோம்' என்றது கரை. அன்றைக்கு ஸோராப் லீவு, வேறு யாரோ பேசினார்கள். இவர் வழக்கம்போல் 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று முடித்தார்.

டக்போட்டைக் காணோம். நங்கூரம் மண்ணைப் பிடிக்காமல் வழுக்க ஆரம்பித்தது. மறுபடி கூப்பிட்டார்.

"நீங்கள்தானே வருகிறேன் என்றீர்கள்? என்ஜின் சரியாகிவிட்டது என்று டக்போட்டைத் திருப்பிவிட்டோம்" என்றது புதுக் குரல்.

அனந்தகிருஷ்ணன் வெளியே எட்டிப் பார்த்தார். பாறையில் அலை மோதுகிற சத்தம் இங்கேயே கேட்டது. காலையில் வாசலில் நின்ற மனைவி அம்மிணியின் முகம் கண்ணுக்குள் வந்தது. பித்தானை அழுத்தாமலே பேச ஆரம்பித்தார்.

"பதறாதீங்க சாமி, நிதானமாச் சொல்லுங்க" என்றார் சாரங்கு.

மூச்சை இழுத்துவிட்டுப் பித்தானை அழுத்தினார். லாஞ்சின் பேர், இருக்கிற இடம், நங்கூரம் வழுக்குவது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். என்ஜின் ஓடவில்லை, எங்களால் வர முடியாது, ஓவர். கரை அதை அப்படியே திருப்பிச் சொல்லி, டக்போட் கிளம்பிவிட்டது என்றது. இனி முடிக்க வேண்டும்.

"அவுட்!" கண்ணை இறுக மூடிக்கொண்டு சொல்லியே விட்டார். பித்தானிலிருந்து விரலை எடுத்தார். இனிமேல் கரைக்குக் கேட்காது. மைக்கிடம் மெதுவாகச் சொன்னார்: "போயிட்டு வரேன்."

டக்போட் வந்து கயிறு கட்டியபோது பாறை ரொம்பப் பக்கத்தில் இருந்தது. தப்பினார்கள்.

அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. ஒருநாள் கிளம்புகிற சமயம், கரையோடு பேசி முடித்து, ஏதோ நினைப்பில் ரேடியோவை விட்டு நகர்ந்துவிட்டார். லாஞ்ச் அசையவில்லை. ஜெயினுலாப்தீன் கட்டின கயிற்றைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"என்ன பாய், கிளம்பலையா?"

"பித்தானை விட்டப்புறம் ஒண்ணு சொல்லுவீங்களே சாமி, அதைச் சொல்லுங்க. கயிறை அவுக்குறேன்."