தந்தியை மறுத்த கையெழுத்து

என் பெரியப்பா வங்கியில் இருபத்திரண்டு வருஷம் கையெழுத்துகளோடே வாழ்ந்தவர். காசோலையை ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் போதும், அசலா போலியா என்று சொல்லிவிடுவார். அடுத்த மேலாளர் அவர்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது போர் வந்தது.

போர்முனையில் காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் ஓர் அலுவலகம் திறந்தது. நடத்த ஆளில்லை; சம்பளமும் இல்லை. பெரியப்பா வங்கியில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு, தாமாகவே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

“வீட்டுல மூக்குக் கண்ணாடியத் தேடத் தெரியல, காணாமப் போனவங்களத் தேடப் போறீங்களாக்கும்!” என்றார் பெரியம்மா. சொன்னாரே தவிர, மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டை அவரே அங்கே கொண்டுபோய்க் கொடுத்தார்.

அலுவலகம் என்பது மூடிக் கிடந்த பள்ளியொன்றின் ஆய்வுக்கூடம். மேசையெல்லாம் அமிலம் தின்ற தழும்பு. கெட்ட செய்தி வந்தால் பெரியப்பா அதைத் தபாலில் அனுப்பமாட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு அவரே போவார்.

“போய் என்ன சொல்வீங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பெரிசா ஒண்ணும் சொல்லத் தெரியாதும்மா. அவங்க உக்காரச் சொல்ற வரைக்கும் நிப்பேன். போகச் சொல்ற வரைக்கும் உக்காந்திருப்பேன்.”

இரண்டாம் வருஷம், கைதி முகாமிலிருந்து நாற்பத்தொரு தபால் அட்டைகள் கப்பலில் நனைந்து வந்து சேர்ந்தன. மையால் எழுதிய பெயரும் முகவரியும் கரைந்துபோயிருந்தன. பென்சிலில் எழுதிய இரண்டு வரி நலமும், கிறுக்கலாக ஒரு கையெழுத்தும்தான் மிச்சம். எறிந்துவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு.

பெரியப்பா எறியவில்லை. வங்கி மேலாளரிடம் அனுமதி வாங்கி, கணக்கு வைத்திருப்பவர்கள் அங்கே போட்டுக் கொடுத்திருந்த மாதிரிக் கையெழுத்துகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். கல்லில் நார் உரிக்கிற வேலை. ஒன்பதாம் நாள் ஒன்று பொருந்தியது. ராணுவத்துக்கு லாரி ஓட்டப் போன ஒருவருடையது. அவர் இறந்துவிட்டதாக அவர் மனைவி தையல்காரம்மாவுக்குத் தந்தி வந்து ஏழு மாதமாகியிருந்தது.

பெரியப்பா சைக்கிளில் வருவதைப் பார்த்ததும் அந்த அம்மா தையல் இயந்திரத்தை நிறுத்தினார்.

“இன்னும் என்ன சார் சொல்ல வந்திருக்கீங்க? தந்திதான் வந்தாச்சே.”

“தந்தி யாரோ அடிச்சது. இது அவரே போட்டது. நான் நம்புறேன்; ஆனா நீங்க பாத்துச் சொல்லணும்.”

அட்டையை வாங்கியவர் கையெழுத்தின் மேல் விரலை ஓட்டினார். “இந்தக் கடைசிச் சுழி... மாட்டு வால் மாதிரி இருக்குன்னு நான்தான் கேலி பண்ணுவேன்.”

பதினொரு வாரம் கழித்து, அவர் உயிரோடிருப்பதை முகாமும் உறுதிசெய்தது. செய்தி பரவியதும் காணாமல் போனவர்களின் வீட்டுப் பெண்கள் அவர்கள் எழுதிய பழைய கடிதங்களையெல்லாம் தூக்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடிவந்தார்கள். மேலும் இருபத்தாறு அட்டைகளுக்கு வீடு கிடைத்தது. மீதி பதினான்கைப் பெரியப்பா கடைசிவரை தூக்கிப்போடவில்லை.

போர் முடிந்து வங்கிக்குத் திரும்பியபோது மேலாளர் நாற்காலியில் அவரிடம் வேலை கற்ற ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“வருத்தமா இல்லியா?” என்றார் பெரியம்மா.

“இருக்கு. இல்லேன்னா பொய். ஆனா மறுபடி கூப்பிட்டாலும் போவேன்.”

“போவீங்க, தெரியும்” என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.