முன்சக்கரம் கத்திய காலை

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதை எங்கும் மறைத்ததில்லை. பதினைந்து வயதில் போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஏறி, இரும்புக் குழாய் தூக்கித் தோள் காய்த்து, கடைசியில் எனக்கே சொந்தமாக இரண்டு ரிக் வாங்கினேன். எவன் தயவிலும் இல்லை. அறுநூறு அடிக்குக் கீழே சுத்தியல் அடிக்கிற சத்தத்தை வைத்தே பாறையா, வெடிப்பா, தண்ணீர் வரப்போகிறதா என்று சொல்லிவிடுவேன். ஆந்திராவில் வேலைக்குப் போனபோது, படித்த இன்ஜினியர் ஒருவர் என் பக்கத்தில் நின்று நான் சொல்வதை நோட்டில் எழுதிக்கொண்டார். லாரி ஒரு தெரு தள்ளி வரும்போதே எந்தச் சக்கரத்தில் பேரிங் போயிருக்கிறது என்று சொன்னவன் நான். என் காரை இன்றுவரை ஒரு மெக்கானிக்கும் தொட்டதில்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகுதான் அந்தக் காலையைச் சொல்ல முடியும்.

மகளைப் பிரசவத்துக்குச் சேலத்தில் சேர்த்திருந்தோம். போன தடவை குழந்தை தங்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவளோ குழந்தை போனதைவிட, அன்று தனியாக உள்ளே போனதைத்தான் சொல்லிச் சொல்லி அழுவாள். "இந்த வாட்டி அம்மா கையப் புடிச்சுக்கிட்டுத்தான் உள்ள போவேன்" என்று முன்கூட்டியே வாக்கு வாங்கியிருந்தாள். ஆபரேஷன் சாயந்திரம் என்றிருந்தார்கள். காலை எட்டரைக்கு மருமகன் போன் செய்தார். என் சம்சாரம்தான் எடுத்தாள். கொஞ்ச நாளாக வீட்டுக்கு வரும் எல்லாப் போனையும் அவளேதான் எடுத்துக்கொண்டிருந்தாள். மகளுக்குப் பிரஷர் ஏறிவிட்டது, பதினோரு மணிக்கே குழந்தையை எடுக்கப் போகிறார்கள் என்றார்.

எருமப்பட்டியிலிருந்து அப்படியே கிளம்பினோம். நாமக்கல் தாண்டியதும் சம்சாரம் ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, முன்னாடி சக்கரம் கத்துதுங்க."

"ஒண்ணுங் கத்தல. சும்மா வா புள்ள."

பத்து நாளாக அவள் அதையே சொல்லி, நானும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். என் வண்டியில் எனக்குக் கேட்காத சத்தம் ஒன்று இருக்க முடியாது என்று நம்பினேன்.

புதுச்சத்திரத்தில் ரோடு வேலைக்காக வண்டிகளை ஓரத்துச் சாலையில் திருப்பிவிட்டிருந்தார்கள். ஊர்ந்துகொண்டிருந்தோம். மொபட்டில் பால் கேன் கட்டிய ஆள் ஒருவர் பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன்.

"ஏனுங்க பெரியவரே, எடது முன்சக்கரம் இந்தக் கத்து கத்துது, காதுல பஞ்சு வெச்சிருக்கீங்களா? எங்கூட்டு எருமை கன்னு போடறப்பக்கூட இப்படிக் கத்தாதுங்க!"

சிரித்தபடி போய்விட்டார். என் சம்சாரம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்படியானால் சத்தம் இருக்கிறது. எனக்குத்தான் இல்லை.

வண்டியை ஓரம் கட்டினேன். மணி ஒன்பதரை. "நான் பஸ்ஸுல போயிர்றேனுங்க" என்று அவள் பெரிய ரோட்டுக்கு ஓடினாள். இரண்டு பஸ் நிற்காமல் பறந்தன. டாக்ஸிக்காரரைக் கூப்பிட்டால் வர முக்கால் மணி ஆகும் என்றார். அழுதுகொண்டே திரும்பி வந்தாள்.

பேரிங் உடைந்து சக்கரம் கழன்று ஓடிய லாரியை நான் கண்ணால் பார்த்தவன். பேரிங்காக இருந்தால் அவளை ஏற்றிக்கொண்டு ஓர் அடி நகரக் கூடாது. பிரேக் பேடு தேய்ந்ததாக இருந்தால் மெதுவாகப் போய்விடலாம். எது என்பதைச் சத்தம் சொல்லிவிடும். அந்தச் சத்தம்தான் என்னிடம் பேச மறுத்துவிட்டது. நாற்பது வருஷம் ரிக் கம்ப்ரஸரின் இரைச்சலில் நின்ற காது.

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். பேரிங் போயிருந்தால் ஆடியிருக்கும்; ஆட்டம் இல்லை. ஆனாலும் என் கையை மட்டும் நம்பி அவளை ஏற்ற மனம் வரவில்லை. என்னை நானே நம்பாதது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் ரிக் வேலை ஞாபகம் வந்தது. கம்ப்ரஸர் ஓடும்போது அங்கே எவனுக்கும் எதுவும் கேட்காது. எல்லாம் கை ஜாடைதான்.

"இந்தா புள்ள, அழுவாத. நான் மெல்ல ஓட்டறேன். சக்கரத்துக்கிட்டயே நடந்து வா. சத்தம் வந்தா கையத் தூக்கு. நின்னா எறக்கு."

ஜாக்கியை இறக்கி, முதல் கியரில் ஓட்டினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்த வாக்கில் அவள் கூடவே வந்தாள். கை மேலே போனது. பிரேக்கில் லேசாகக் கால் வைத்தேன். கை இறங்கியது. காலை எடுத்தேன், மறுபடி தூக்கினாள். நாலு தடவை பார்த்தேன். நாலும் ஒரே மாதிரி.

பேடு தேய்ந்துபோனால் அதிலுள்ள சின்னத் தகடு சுற்றுகிற டிஸ்க்கில் உரசிக் கத்தும். மிதித்தால் அடங்கும். பேரிங் அப்படி அடங்காது. பேடு மொத்தமும் போய் இரும்பு இரும்பைத் தின்றிருந்தால் கரகரவென்று என் பாதத்துக்கே தெரிந்திருக்கும். காது போனாலும் கால் போகவில்லை.

ஏறி உட்கார்ந்தவள் மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தாள்.

"நெசமாலுமே உங்களுக்குக் கேக்கலீங்களா?"

"கேக்கல புள்ள."

"எனக்குத் தெரியுமுங்க. நீங்க சொல்லட்டும்னு இருந்தேன்."

மீதித் தூரத்தை நாற்பதுக்கு மேல் போகாமல், பிரேக்கைத் தேய்க்காமல் கியரை இறக்கி இறக்கியே வேகத்தைக் குறைத்து ஓட்டினேன். அப்படி ஓட்ட இன்று எவனுக்கும் தெரியாது. ஆனால் மல்லூர் தாண்டும்போது பத்தே முக்கால் ஆகிவிட்டது. தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

நாங்கள் ஆஸ்பத்திரி மாடி ஏறியபோது மகளைப் படுக்கவைத்த தள்ளுவண்டி ஆபரேஷன் அறைக் கதவருகில் நின்றது. இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் உள்ளே. மகள் அம்மாவின் கையை எட்டிப் பிடித்தாள். கதவு மூடும்வரை விடவில்லை.

ஆம்பிளைகளை அந்தப் பக்கம் விட மாட்டார்கள். மருமகன் மருந்து வாங்க ஓடியிருந்தார். நான் படிக்கட்டோரம் நின்றேன். சம்சாரம் அந்தக் கோடியில், கதவில் காது வைத்தபடி. போன தடவை எல்லாம் முடிந்த பிறகு இப்படி ஒரு கதவுக்கு வெளியே வந்து நின்று, உள்ளே குழந்தை அழுத சத்தமே வரவில்லை என்று மற்றவர்கள் சொல்ல அறிந்தேன். இப்போது சத்தம் வந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

திடீரென்று அவள் திரும்பினாள். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

அந்தக் கை இறங்கிவிடக் கூடாதே என்று அதையே பார்த்தபடி நின்றேன். இறங்கவில்லை.