குழாயடி அம்மி

கொருக்குப்பேட்டையில் எங்கள் சந்துக்கு இருந்தது ஒரே குழாய். அதன் அடியில் சேறு, சேற்றில் புழு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஒருநாள் சுகாதார இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். சுத்தமில்லாத ஜனங்கள் நீங்கள், அடுத்த முறையும் இப்படியே இருந்தால் குழாயை மூடிவிடுவேன் என்றார். கல் பாவிக் கால்வாய் வெட்டித் தரும்படி நாங்கள் கேட்டுக் கேட்டு வாய் வலித்தாயிற்று. அதைப் பற்றி மட்டும் அவர் பேச்செடுக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த குழாய் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். கூட்ஸ் வண்டிகள் ஓயாமல் முன்னும் பின்னும் நகரும் இடம். நானோ அப்போது மாசமாக இருந்தேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்ட என்னால் முடியாது.

கல்லை நாங்களே போடுவோம் என்றேன். ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் விரிசல் விட்ட பழைய அம்மி ஒன்று கிடக்கும். தூக்கி எறிய யாருக்கும் மனசு வராது. அவற்றைப் பாவலாம் என்றதும் என் மாமியார் சாமியாடாத குறைதான். அம்மியைத் தினமும் காலால் மிதித்தால் குடும்பம் விளங்குமா என்று கத்தினார்.

“கண்ணாலத்துல நீங்கதானே அத்தே மிதிக்கச் சொன்னீங்க? அப்போ மட்டும் வெளங்குச்சா?” என்றேன்.

அத்தோடு என்னுடன் பேசுவதை நிறுத்திவிட்டார். சந்துப் பெண்கள் சேர்ந்து அம்மிகளைப் பாவினார்கள், கால்வாய் வெட்டினார்கள். நான் ஏவிக்கொண்டிருந்தேன். முறை வைத்துத் தேய்த்துக் கழுவினோம். உட்கார்ந்து சோறு சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம்.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தபோது எனக்கு நிறைமாதம். சுத்தமாக இருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. யாரைக் கேட்டுக் கல் போட்டீர்கள் என்று சீறி, பெயர்த்து எடுக்கக் கடப்பாரையோடு இரண்டு ஆட்களை அழைத்துவந்தார். கல் போனால் சேறு வரும், சேறு வந்தால் குழாய் போகும். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுக்கல்லில் போய் நின்றேன். அவர்கள் ஓரத்துக் கல்லைப் பெயர்த்துவிட்டார்கள்.

அப்போதுதான் மாமியார் வந்தார். பக்கத்து வீட்டுக்காரியை ஒரு முனை பிடிக்கச் சொல்லி, நாங்கள் அன்றாடம் அரைக்கும் அம்மியையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். காலையில் அரைத்த மிளகாய் அதில் இன்னும் ஒட்டியிருந்தது. பெயர்த்த பள்ளத்தில் அதை இறக்கினார்.

“இது சோறு போட்ற கல்லு. தெகிரியம் கீறவன் கை வையி.”

ஆட்களில் ஒருவர் கடப்பாரையைக் கீழே வைத்தார். “எங்க வூட்லயும் அம்மி கீது சார்,” என்றார்.

இன்ஸ்பெக்டர் தானே குனிந்து எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அவர் போனதும், நம் அம்மியை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று மாமியாரிடம் கேட்டேன். திரும்பி வந்தாலும் வருவான், கிடக்கட்டும் என்றார். அதன்பிறகு நாங்கள் அரைத்ததெல்லாம் பக்கத்து வீட்டு அம்மியில்தான். தினமும் விடிந்ததும் அந்தக் கல்லின் மேல் அழுத்தி நின்று முதல் குடம் பிடித்தவர் என் மாமியார்.