கீழ் ஜன்னல் திறக்கும் சனிக்கிழமை

என்னோடு வேலை பார்க்கும் வெர்லீன் வீட்டில் நான் முதன்முதலாகச் சாப்பிட உட்கார்ந்த அன்று நடந்த பேச்சு அப்படியே நினைவிருக்கிறது.

"கண்ணு, நாற்காலிய அங்க போடாத. அடுப்புப் பக்கம் தரை அமுங்கும்" என்றார் வெர்லீன்.

"அமுங்கல" என்றார் அவர் கணவர் கார்லன்ட், சோள ரொட்டியைப் பிய்த்தபடி. "அறுபது வருசமா நிக்கிற வீடு. கொஞ்சம் குந்தி உக்காருது. நமக்கு முட்டி வலிக்கலியா?"

"நமக்குப் பூஞ்சை பிடிக்கலியே."

"உனக்கு வேலைப் புத்தி. எந்த வீட்டப் பாத்தாலும் பிளாஸ்டிக் போத்தணும்னு தோணுது."

"கோடையில கீழ் ஜன்னலத் தெறக்காதன்னுதான் சொல்றேன். வெளிப் புழுக்கமெல்லாம் வீட்டுக்கடியில போயி, ஏசி குழாய்ல பட்டு சொட்டுது. இந்தா, இந்த டீயப் பாரு. ஐஸ் போட்டிருக்கேன். அஞ்சு நிமிசத்துல கிளாஸ் வெளிப்பக்கம் எப்படி வேர்க்குதுன்னு..."

கார்லன்ட் கிளாஸை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டுக் காலியாக வைத்தார்.

"வேர்க்கலியே" என்றார்.

வெர்லீன் காலிக் கிளாஸில் மறுபடி ஐஸ் போட்டார்.

"வீடுன்னா மூச்சு விடணும்மா" என்றார் கார்லன்ட். "எங்கப்பா தெரியாமலா எட்டு ஜன்னல் வெச்சாரு?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு. மூக்க அடைச்சா மனுசன் பொழைப்பானா?"

பீன்ஸ் மிகவும் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

எங்கள் கரோலினா மலையடிவாரத்தில் பழைய வீடுகள் மண்ணில் உட்காருவதில்லை. சுற்றிலும் குட்டைச் சுவர் எழுப்பி, அதன்மேல் உத்தரம் போட்டு, தரைப் பலகை அடித்திருப்பார்கள். கீழே தவழ்ந்து போகிற அளவுக்கு இருட்டான இடம் இருக்கும். மண், குழாய்கள், சிலந்திகள், எப்போதாவது ஒரு பாம்பு. குட்டைச் சுவரில் செங்கல் அகலத்துக்குச் சின்னச் சின்ன இரும்பு ஜன்னல்கள். அந்த இடத்தை ஓதம் ஏறாமல் அடைத்துக் கொடுப்பதுதான் எங்கள் கம்பெனியின் வேலை. நான் அலுவலகத்தில் ஆய்வறிக்கை எழுதுபவள். வீட்டுக்காரருக்கு ஆங்கிலத்தில், எங்கள் ஆட்களுக்கு ஸ்பானிஷில்.

வெர்லீன் ப்ரூயட் கீழே இறங்குபவர். சாக்ஸ் மில் மூடியபோது அவருக்கு வயது நாற்பத்தொன்று. வேலை கேட்டு வந்தவரின் குட்டை உருவத்தைப் பார்த்து முதலாளி சிரித்தாராம். அன்று வேறு யாரும் நுழைய முடியாத ஒரு துவாரத்தில் நுழைந்து, அடுத்த பக்கமாக 'பாஸம்' என்கிற காட்டு விலங்கு ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். பெரிய எலி மாதிரி இருக்கும் அந்தப் பிராணி பல்லைக் காட்டிச் சீறியது. வெர்லீனும் பல்லைக் காட்டினார். முதலாளி உடனே கையுறை எடுத்துக் கொடுத்தார்.

பதினேழு வருடங்களில் ஊரில் பாதி வீடுகளின் அடிவயிறு அவருக்குத் தெரியும். எங்கே என்ன கிடைத்தது என்று யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பாதிரியார் வீட்டுக்கு அடியில் பத்தொன்பது காலி விஸ்கி பாட்டில்கள் கிடந்தன. "கண்ணாடிக் குப்பை அகற்றப்பட்டதுன்னு எழுது கண்ணு. எண்ணிக்கை வேணாம்" என்றார்.

இப்படி ஊர் வீட்டையெல்லாம் காயவைத்தவர் தன் வீட்டைத் தொட முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் மே மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் கார்லன்ட் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எட்டு ஜன்னல்களையும் திறப்பார். அவர் அப்பா திறந்த அதே வரிசையில். ஒவ்வொன்றின் முன்னும் சிரமப்பட்டு மண்டியிட்டு, காற்று வருகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்து, தலையாட்டுவார். கார்லன்ட் வீட்டுக்கடியில் போய்ப் பல வருடங்களாகிவிட்டன. கடைசியாகப் போனபோது தொப்பை மாட்டிக்கொண்டு, தம்பி காலைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு வெர்லீன் என்னையும் கீழே அழைத்துப் போனார். அடுப்புக்கு நேர் கீழே உத்தரத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். கேக்கில் இறங்குவதுபோல் இறங்கியது.

"இன்னும் ரெண்டு கோடைதான். அப்புறம் அடுப்பு இங்க வந்துரும், நான் சமைச்சிட்டிருக்கும்போதே" என்றார்.

"அவருக்கு இதைக் காட்டலாமே, மிஸ் வெர்லீன்."

"படம் எடுத்துக் காட்டினேன். 'இது யார் வீடு?'ன்னு கேட்டாரு. ஜன்னல அடைச்சா அவங்கப்பாவ இன்னொரு தடவ பொதைக்கிற மாதிரி கண்ணு அவருக்கு. தரையும் விழக்கூடாது, அந்த மனுசனும் விழக்கூடாது."

மார்ச்சில் கார்லன்ட் தம்பியோடு ஐந்து நாள் கடலுக்கு மீன் பிடிக்கப் போனார். வண்டி தெருமுனை திரும்பியதும் வெர்லீன் ஃபோன் செய்தார். மிச்சமாகும் பிளாஸ்டிக் சுருள் முனைகளையெல்லாம் முதலாளி அவருக்கே விட்டிருந்தார். நானும் எங்கள் ஆட்கள் இருவரும் போனோம். உளுத்த உத்தரங்களோடு புதுக் கட்டை சேர்த்து முடுக்கினோம். மண் முழுவதும் வெள்ளை ஷீட் விரித்து, சுவர்மேல் ஏற்றி, ஒட்டுக்கு ஒட்டு டேப் போட்டோம். ஜன்னல்களை வெர்லீன் யாரையும் தொடவிடவில்லை. வெளியே இரும்பும் அதைத் திறந்து மூடும் நெம்புகோலும் இருந்தபடியே இருக்க, உட்பக்கம் மட்டும் ஃபோம் பலகை வெட்டி அடைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் பழைய இருட்டு தெரியவேண்டும் என்று பலகைக்குக் கறுப்பு அடித்தார். கடைசியாக ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்றை வைத்து ஓடவிட்டோம்.

கார்லன்ட் திரும்பி வந்த அன்றே காதைத் தீட்டிக்கொண்டாராம்.

"ஏம்மா, ஃபிரிட்ஜ் ஒரு மாதிரி முனகுதே?"

"வயசான ஃபிரிட்ஜ். மூச்சு விடுது" என்றாராம் வெர்லீன்.



ஜூலையில் நான் சாப்பிடப் போனபோது கார்லன்ட் அடுப்பு முன்னால் நின்று தொம் தொம் என்று காலால் குத்திக் காட்டினார். தரை அசையவில்லை. "பாத்தியா பொண்ணு? இந்த வருசம் ஜன்னல நல்லா எண்ணெய் விட்டு முழுசாத் தெறந்தேன். கல்லு மாதிரி ஆயிடுச்சு. இவ பிளாஸ்டிக் போத்தணும்னாளே!" வெர்லீன் எனக்கு இன்னொரு கரண்டி பீன்ஸ் போட்டார்.

அடுத்த வருடம் மே மாத முதல் வெள்ளிக்கிழமை, வேலை உடுப்போடு, முழங்கையெல்லாம் செம்மண்ணாக, வெர்லீன் என் மேசை முன்னால் வந்து நின்றார். அப்படிக் கலங்கி நான் அவரைப் பார்த்ததில்லை.

"கண்ணு, போன வருசம் கையில காத்தே படலன்னு அவருக்கு இப்ப திடீர்னு தோணிருச்சு. ஜன்னல் சின்னதாப் போச்சாம். சொவர இடிச்சுப் பெரிசாக்க ஆள் பாக்கறாரு. இடிச்சா எல்லாம் வெளிய வந்துரும். நாளைக்குச் சாப்பிட வா. ஜன்னல்ல காத்து வருதான்னு உன்னைக் கை வெச்சுப் பாக்கச் சொல்லுவாரு. நீ பொய் சொல்ல மாட்டன்னு நம்புறாரு. பட்டுனு சொல்லாத, சந்தேகம் வரும். மண்டிபோட்டு, கைய வெச்சு, கண்ண மூடி, மெதுவா பத்து எண்ணு. அப்புறம் 'காத்து வருது மிஸ்டர் கார்லன்ட்'னு சொல்லிடு. எட்டு ஜன்னலுக்கும் சொல்லணும்மா."