சித்தப்பா சூளை நீங்கலாக

அருளண்ணன் செத்துப்போனார். நேற்று மதியம், என் சித்தப்பாவின் சூளையில்.

சூளைக்குள் தீ அணைந்து கேஸ் மட்டும் நிறைந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. திரும்பப் பற்றவைத்தபோது மொத்தமும் வெடித்து, இரும்புக் கதவு பிய்த்துக்கொண்டு வந்து அவர் நெஞ்சில் அடித்திருக்கிறது... ஜங்ஷன் வரைக்கும் சத்தம் கேட்டதாம்.

காலையிலிருந்து ஆளாளுக்கு போன் செய்து எப்படி, எப்படி என்று கேட்கிறீர்கள். எப்படி என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

விருத்தாசலத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் ஆபீஸ் கம்ப்யூட்டரில், அவர் சூளையில்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேறு வேலை. எங்கோ யாரோ எழுதிய நல்ல ப்ரோக்ராமைப் பொதியாகக் கட்டி, கம்ப்யூட்டரில் லினக்ஸ் வைத்திருக்கிற யாரும் தடையில்லாமல் எடுத்துக்கொள்ளும்படி கட்டற்ற மென்பொருள் தொகுப்பில் சேர்ப்பார்.

நான் எங்கள் சூளைக்கு ஒரு ப்ரோக்ராம் எழுதியிருந்தேன். தீ அணைந்து சூடு சட்டென்று இறங்கினால் கேஸை மூடிவிட்டு அலாரம் அடிக்கும். அதையும் சேர்க்கலாம் என்றார்.

முதல் தகராறு அலாரத்தில். நான் ஒரு சினிமாப் பாட்டு மியூசிக்கை வைத்திருந்தேன். இது யாருடையது, யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார்.

மறுநாள் ரிஜெக்ட் ஆன ஜாடிகளைச் சிமெண்ட் தரையில் ஓங்கி ஓங்கிப் போட்டு உடைத்து, அந்தச் சத்தத்தை போனில் பிடித்துக்கொண்டு வந்தார். வெறி பிடித்த ஆள் மாதிரி மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு. இது நம்முடையது, யாரும் கேட்க முடியாது என்றார்.

அடுத்தது உரிமக் கோப்பு. ப்ரோக்ராமை யார் யார் பயன்படுத்தலாம் என்று எழுதியவரே சொல்லவேண்டிய கோப்பு.

பத்திரத்தில் எழுதுகிற பாஷையில் நானே எழுதிக் கொடுத்தேன். "எனது சித்தப்பா சூளை நீங்கலாக, மற்ற யாவரும் இதனைப் பயன்படுத்தலாம்."

இந்தச் சித்தப்பா அப்பாவின் பங்காளி. களிமண் நிலத்து வரப்புத் தகராறில் கடப்பாரையால் அப்பாவின் வலது கையை மூன்று இடத்தில் உடைத்தவர். அப்பா இன்றைக்கும் இடது கையால்தான் சாப்பிடுகிறார்.

அருளண்ணன் நிதானமாகப் படித்தார். "ஒருத்தர ஒதுக்கினாலும் அது கட்டற்றது கெடையாதும்மா. தொகுப்புல சேக்க மாட்டாங்க. அந்த நீங்கலாகவ எடுத்துடு."

கைப்பக்கத்தில் ஒரு பீங்கான் ஃப்யூஸ் கேரியர் கிடந்தது. எடுத்து வீசினேன். புருவம் கிழிந்து கீபோர்டெல்லாம் ரத்தம்... நாலு தையல்.

கட்டுப் போட்டுக்கொண்டு நேராக என் டேபிளுக்குத்தான் வந்தார். "எழுதினது நீ. நீ எழுதித் தந்தாதான் மாத்த முடியும். எனக்கு அதுல கைவைக்க உரிமை இல்ல." சொல்லிவிட்டுச் சூளைக்குப் போய்விட்டார்.

அந்த வரியை அவரே அழித்திருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. நானும் எழுதித் தரவில்லை. பொதி அப்படியே கிடந்தது.

இரண்டு வருஷம் முன்பு கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். அருளண்ணன் என் சித்தப்பாவின் சூளைக்கே வேலைக்குப் போனார்.

துரோகி என்று இதே முகநூலில் திட்டி எழுதினேன். ப்ளாக் செய்தேன், போனிலும் ப்ளாக் செய்தேன். அன்றைக்கு லைக் போட்டவர்களில் பாதிப் பேர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

என் ப்ரோக்ராமை எப்படியும் அங்கே போட்டிருப்பார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். முழுசாக அவரிடம்தானே இருக்கிறது... யார் வந்து பார்க்கப் போகிறார்கள்.

இன்று காலை ஆஸ்பத்திரி வாசலில் சித்தப்பாவைப் பார்த்தேன். பாய்ந்து சட்டையைப் பிடித்துவிட்டேன். அலாரம் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டுக் கேட்டு அறைந்தேன். தடுக்க வந்தவர்களை அவரே விலக்கிவிட்டார்.

"ரெண்டு வருசமா அதப் போடச் சொல்லி நானும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். அந்தப் புள்ளை எழுதித் தரணும், வந்தாதான் போடுவேன்னுட்டான்."

கை தானாக விட்டுவிட்டது.

அருளண்ணன் என்னிடம் கேட்கப் பார்த்திருப்பார். நான்தான் எல்லாப் பக்கமும் அடைத்து வைத்திருந்தேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

சித்தப்பாவை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் அந்த வரியைத் திருத்தி, அருளண்ணன் முகவரிக்கே மெயில் அனுப்பினேன். "யாவரும் இதனைப் பயன்படுத்தலாம்." அவ்வளவுதான் இருக்கிறது அதில்.

நாளைக் காலை பத்து மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். வருகிறவர்கள் வாருங்கள்.

எழுதித் தந்துட்டேன் அருளண்ணே... போயிட்டு வாங்க.